கே.பி. சுந்தராம்பாள்: ஐம்பத்தைந்து வயதுக்குப் பின் பாடிய பாடல்கள்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிடும். சீர்காழி கோவிந்தராஜன் வருவார், டி.எம். சௌந்தரராஜன் வருவார். அவர்களுக்கு நடுவே ஒரு பெண் குரல் வரும். அது இளம் குரல் அல்ல. குழைவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. தேயிலை மலையின் அடுத்த பக்கத்து லயத்தில் இருப்பவரும் எழுத்துப் பிசகாமல் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்லும். அது கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள், சுருக்கமாக கே.பி.எஸ்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய இளமைக் காலத்தையே எழுதுகிறார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவுடனான காதல், நாடக மேடை, ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளம் என்று கதை அங்கேயே நின்றுவிடும். ஆனால் இன்று நாம் கேட்கிற கே.பி.எஸ். அந்த இளம் பெண் அல்ல. 1964க்கும் 1973க்கும் இடையில், ஐம்பத்தைந்தில் இருந்து அறுபத்தைந்து வயது வரை பாடிய பெண். இந்தக் கட்டுரை அந்தப் பத்து ஆண்டுகளின் பதிவுகளைப் பற்றியது. அவை ஒரு பெரிய பாடகியின் மிச்சம் மீதி அல்ல, அவரது முழு வேலையே அவைதான் என்பது என் கருத்து. போரில் உறவுகளை இழந்த நம்மவர்களுக்கு அந்தப் பாடல்கள் சொல்லக்கூடிய ஒரு விடயமும் இருக்கிறது.

ரயிலில் இருந்து மேடைக்கு

கே.பி.எஸ். 1908 ஒக்டோபரில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். வறுமையான குடும்பம். சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகக் கொம்பனியில் சேர்த்துவிட்டார்கள். சிறுவர் வேடங்களில் தொடங்கி, சில ஆண்டுகளில் மேடையின் முதன்மைப் பாடகியாக வளர்ந்தார்.

அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் நடந்தது நம் நாட்டில். தமிழக நாடகக் கொம்பனிகள் அப்போது கப்பலேறி இலங்கைக்கு வந்து மாதக் கணக்கில் தங்கி நாடகம் போடும். அப்படி வந்திருந்த நேரத்தில், 1926இல், இலங்கை மேடையில்தான் அவரும் கிட்டப்பாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். கிட்டப்பா அப்போதே பெரிய புகழோடு இருந்தவர், ஏற்கெனவே மணமானவர். 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அக்கால மேடையில் ஒலிவாங்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் குந்தியிருப்பவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். அதனால் பாடகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கேட்பவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். சொல் புரியாவிட்டால் கதை புரியாது. உரத்த சுருதி, தெளிந்த உச்சரிப்பு என்ற இரண்டு பழக்கங்களும் கே.பி.எஸ்ஸிடம் கடைசிவரை இருந்தன. அவர் குரலை ‘வெண்கலக் குரல்’ என்று சொல்வது இதனால்தான்.

1933க்குப் பிறகு

மண வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பாவின் கடைசிக் காலத்தில் இருவரும் பிரிந்தே இருந்தார்கள். 1933 டிசெம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. கே.பி.எஸ்ஸுக்கு 25.

அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர் இறக்கும்வரை அதை மாற்றவில்லை. மேடையைவிட்டு ஒதுங்கினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பிறகு வற்புறுத்தலால் திரும்பி வந்து 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடித்தபோது, நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். அதற்குத்தான் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. 1940இல் ‘மணிமேகலை’, 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தன. இடையே தேசிய இயக்க மேடைகளில் பாடினார், சென்னை மாகாணச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார்.

‘ஔவையார்’ பெரும் வெற்றி. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் திரையில் அவரைக் காணவில்லை. ஒரு கலைஞரின் கதை அங்கே முடிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த பத்து ஆண்டுகள்

1964இல் ‘பூம்புகார்’ வந்தது. கதை வசனம் மு. கருணாநிதி. சிலப்பதிகாரக் கதையில் கே.பி.எஸ்ஸுக்குக் கவுந்தியடிகள் வேடம். எழுதியவர் கடவுள் மறுப்புக் கட்சிக்காரர், நடித்தவர் நெற்றி நிறைய நீறு பூசிய காங்கிரஸ்காரர். இருவரையும் சேர்த்துவைத்தது சிலம்பு. கவுந்தி யார் என்று நினைத்துப் பாருங்கள். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்குக் கூட்டிப் போகும் சமணத் துறவி. வழியில் அவர்களைக் காப்பாற்றியவர். கோவலன் கொல்லப்பட்ட செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டவர். ஊரை விட்டு நடக்கும் இரண்டு பேருக்குத் துணையாக நடக்கும் கிழவியின் பாட்டாக அதில் வரும் ‘வாழ்க்கை எனும் ஓடம்’ பாடலைக் கேட்க வேண்டும். அறிவுரைப் பாட்டுத்தான். ஆனால் அறிவுரை சொல்பவர் மேலே நின்று சொல்லவில்லை, கூட நடந்துகொண்டே சொல்கிறார்.

1965இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. மறுபடி ஔவையார். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்யும் ‘பழம் நீயப்பா’ பாடலை அறியாத தமிழர் குறைவு. பக்திப் பாடல் என்று அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். கொஞ்சம் கவனித்தால் அது கோபித்து வீட்டை விட்டுப் போன பிள்ளையிடம் ஒரு பாட்டி பேசும் பேச்சு. கொஞ்சுகிறார், தட்டிக் கேட்கிறார், நியாயம் சொல்கிறார், உறவு சொல்லி அழைக்கிறார். கடவுளிடம் பேசுவதற்கும் பேரனிடம் பேசுவதற்கும் நடுவில் கோடு இல்லை. இருபத்தைந்து வயதுக் குரலால் அந்த இடத்தில் நின்று பேச முடியாது. இதே படத்தில் வரும் ‘ஒன்றானவன் உருவில் இரண்டானவன்’ வேறு வகை. எண்களை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. அதில் அவருடைய உச்சரிப்பு மட்டுமே போதும் என்ற துணிச்சலோடு இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் வாத்தியங்களை அடக்கி வைத்திருக்கிறார்.

1966இல் ‘மகாகவி காளிதாஸ்’ படத்தில் ‘சென்று வா மகனே’. பிள்ளையை வழியனுப்பும் பாட்டு. படத்தில் அது அறிவைத் தேடிப் போகும் மகனுக்குச் சொன்னது. வன்னியிலும் கிழக்கிலும் அதைக் கேட்ட தாய்மாருக்கு அது வேறு வாசல்களை நினைவுபடுத்தியிருக்கும். பாட்டு எழுதப்பட்ட காரணம் ஒன்று, அது போய்ச் சேரும் இடம் இன்னொன்று.

1967இல் ‘கந்தன் கருணை’. அரியது எது, கொடியது எது, பெரியது எது, இனியது எது என்று முருகன் கேட்க ஔவை பதில் சொல்லும் பாட்டு. ஔவையின் பெயரில் வழங்கும் பழைய தனிப்பாடல்களை அடியொற்றியது. கொடியது எது என்றதும் ஔவை பேயையோ பாம்பையோ சொல்லவில்லை. வறுமையைச் சொல்கிறார். அதிலும் இளமையில் வரும் வறுமையை. ரயில் பெட்டியில் கை நீட்டிப் பாடிய பிள்ளை, அறுபதை நெருங்கும்போது அதைப் பாடுகிறார். பள்ளிக்கூடப் பையை இறக்கிவைத்துவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைக் கண்ட தோட்டங்களில் அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

1969இல் தேவர் பிலிம்ஸ் தயாரித்த ‘துணைவன்’. அதில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. அந்த விருது அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது, முதலில் பெற்றவர் பி. சுசீலா. இரண்டாவதாகப் பெற்ற கே.பி.எஸ். சுசீலாவை விட ஏறக்குறைய இருபத்தேழு வயது மூத்தவர். இளமையான குரல்களின் காலத்தில், அறுபது கடந்த குரலுக்கு அது கொடுக்கப்பட்டது. 1970இல் பத்மஸ்ரீ.

1973இல் ‘காரைக்கால் அம்மையார்’. குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் ‘தகதகதகவென ஆடவா’. சிவனின் தாண்டவத்துக்குப் பாடும் வேகமான பாட்டு. அறுபத்தைந்து வயதில் அந்த வேகத்திலும் ஒரு எழுத்துக்கூட உருண்டு ஓடவில்லை. அழகு, இளமை, இல்லறம் எல்லாவற்றையும் உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். அந்த வேடத்துக்குப் பொருத்தமான வேறு குரல் தமிழில் அப்போது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1980இல் அவர் காலமானார்.

குரலில் என்ன நடந்தது?

இளமைக் காலத்து இசைத்தட்டுகள் சிலவற்றை இன்று இணையத்தில் கேட்கலாம். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சமே பிடிக்கும் தட்டுகள் அவை. அவற்றில் குரல் கூரையைத் தொடுகிறது. சங்கதிகள் சரம் சரமாகக் கொட்டுகின்றன. திறமையைக் காட்டும் அவசரமும் தெரிகிறது.

பிற்காலப் பாடல்களில் அந்த அவசரம் இல்லை. குரல் கனத்திருக்கிறது. மூச்சு எடுக்கும் இடங்கள் தெரிகின்றன. உயரத்துக்குப் போக வேண்டிய இடத்தில் போகிறார், ஆனால் அங்கே நின்று விளையாடுவதில்லை, சொல்லை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார். மேடையில் கற்ற ஒரு வழக்கமும் இந்தப் பாடல்களில் கைகொடுத்தது: தாளம் இல்லாமல் விருத்தமாகத் தொடங்குவது. வாத்தியங்கள் காத்து நிற்க, குரல் மட்டும் தனியே முதலடியைச் சொல்லும். பெரிய வாத்தியக் குழு கையில் இருந்தும் மகாதேவன் அந்த இடத்தில் அதை நிறுத்தி வைத்தார். கேட்பவருக்கு ஒருவர் தன் எதிரே அமர்ந்து பேசுவது போல இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு இணையாக உலகில் இன்னொருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஜோனி காஷைச் சொல்வேன். நாட்டார் மெட்டுகளில் இருந்து வளர்ந்த ‘கன்ட்ரி’ பாட்டும் தேவாலயத்துக் ‘கொஸ்பல்’ பாட்டும் பாடியவர். 1950களில் புகழ் பெற்று, பின்னர் இசைத்தட்டு நிறுவனங்களாலேயே கைவிடப்பட்டவர். 1993இல், அறுபத்தொரு வயதில், ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரை ஒரு கிற்றாரோடு மட்டும் உட்காரவைத்துப் பாடச் சொன்னார். அங்கிருந்து தொடங்கிய பதிவுகள் அவர் இறக்கும்வரை நீண்டன. 2002இல் இளைஞர் குழு ஒன்றின் ‘ஹேர்ட்’ என்ற பாட்டை உடைந்துபோன குரலில் பாடினார். 2003 மே மாதம் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார். அதன் பிறகும் பாடிப் பதிவு செய்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் அவரும் போனார். கடைசியாகப் பாடியவை அவர் இறந்த பின்பே வெளிவந்தன.

இருவருக்கும் மொழியில்லை, மதமில்லை, நாட்டிலும் ஒற்றுமை இல்லை. ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்று: வயதை மறைக்கவில்லை. இழப்பைப் பற்றிப் பாடவும் தேவைப்படவில்லை. எதைப் பாடினாலும் இழப்பு குரலில் இருந்தது.

அந்தப் பாடல்கள் நம்மிடம் வந்த வழி

‘பூம்புகார்’ வெளிவந்த 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைக் கொழுந்து நிறுப்பது போல நிறுத்துப் பிரித்தார்கள். அதன் பின் வந்த ஆண்டுகளில் ஹற்றனிலிருந்தும் மற்ற மலையக நிலையங்களிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். கே.பி.எஸ்ஸின் பிற்காலப் பாடல்கள் ஒவ்வொன்றாக இலங்கை வானொலியிலும் கோயில் ஸ்பீக்கரிலும் ஒலித்த காலமும் அதுதான். போனவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலையையே கண்டார்கள். அங்கேயும் திருவிழா ஸ்பீக்கரில் இதே குரல்.

எங்கள் மக்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டங்களில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிப் பாடி வந்திருக்கிறோம். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. கொடுமுடியும் கொங்கு நாட்டு ஊர். திறந்த வெளியில், ஒலிவாங்கி இல்லாமல், விடிய விடியக் கூட்டத்துக்குக் கேட்கப் பாடும் குரல் எப்படியிருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவுக்கும் போகாமல், தோட்டத்திலும் இருக்க முடியாமல் மூன்றாவது வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள். கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்தவர்கள் 1984இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். மீதிப் பேர் 2009 வரை வன்னியின் எல்லா இடப்பெயர்வுகளிலும் நடந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதை வடக்கில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டு நின்றுவிடும். அப்படிக் கேட்ட பாட்டுகளில் இவையும் இருந்தன.

வெள்ளைச் சேலையும் கோயில் வாசலும்

போருக்குப் பிறகு நம் ஊர்களில் கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். என் சின்னம்மா அவர்களில் ஒருவர். 2009க்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். கல்யாண வீடுகளில் எல்லா வேலையும் செய்வார். தாலி கட்டும் நேரம் அடுக்களைக்குள் போய்விடுவார். “ஏன் சின்னம்மா, முன்னுக்கு வந்து நில்லுங்களேன்” என்றால், “எதுக்குய்யா வீணா ஒரு பேச்சு” என்பார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லத் தேவையில்லாதபடி பழக்கி வைத்திருக்கிறோம்.

அதே கல்யாண வீட்டில் காலையில் கட்டும் ஸ்பீக்கரில் கே.பி.எஸ். பாடுவார். நாற்பத்தேழு ஆண்டுகள் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்த ஒரு பெண்ணின் குரல், மங்கள காரியத்துக்கு முதல் ஒலியாக வந்து நிற்கும். யாருக்கும் அது சகுனத் தடையாகத் தோன்றுவதில்லை. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் அன்று நாம் கும்பிடும் கண்ணகையும் கணவனை இழந்தவள்தான். சிலையாகவும் குரலாகவும் இருந்தால் முன்னே வைப்போம், உயிரோடு இருந்தால் அடுக்களைக்கு அனுப்புவோம் என்பது என்ன நியாயம்?

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கே.பி.எஸ்ஸின் வெள்ளைச் சேலையை எடுத்துக்காட்டி, பெண்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவரது முடிவு அவர் எடுத்தது. மறுமணம் செய்வதும், நிறச் சேலை உடுத்துவதும், பொட்டு வைப்பதும் இன்னொரு பெண்ணின் முடிவு. கே.பி.எஸ்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சேலையின் நிறத்தை அல்ல. துணை போன பிறகும் அவர் தன் தொழிலை விடவில்லை, தன் பெயரில் சம்பளம் பேசினார், சட்ட மேலவையில் அமர்ந்தார், அறுபது கடந்தும் ஒலிவாங்கியின் முன் நின்று விருது வாங்கினார். திரைப்படம் அவருக்குக் கொடுத்த வேடங்களையும் பாருங்கள். கவுந்தி, ஔவை, காரைக்கால் அம்மையார். மூவருமே எந்த வீட்டுக்கும் அடங்காமல் தாங்களே வழி நடந்த பெண்கள். அரசனிடமும் ஆண்டவனிடமும் நேருக்கு நேர் பேசியவர்கள்.

இந்தப் பாடல்களைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ‘கந்தன் கருணை’யின் கேள்வி பதில் பாட்டில் இருந்து தொடங்கலாம். பிறகு ‘பழம் நீயப்பா’, ‘வாழ்க்கை எனும் ஓடம்’, கடைசியாக ‘தகதகதகவென ஆடவா’. நான்கையும் கேட்க அரை மணித்தியாலம் போதும். ஸ்பீக்கரில் தூரத்தில் ஒலிப்பதாக அல்லாமல், சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். வீட்டில் அடுக்களைக்குள் ஒதுங்கியிருக்கும் ஒருவர் இருந்தால், அவரையும் முன்னுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.